திடீரென்று என்று எழுதியது பிழை

என் சரசக்காவுக்கு,

உன் பதினாறாம் நாள் காரியத்தில் சண்டை போட்டுவிட்டேன். பந்தியில் இருந்தவர்கள், "மகராசி, பூவும் பொட்டுமாப் போயிட்டா, குடுத்து வெச்சவ" என்று பாயசத்தை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்கள். ஐம்பது வயதில் செத்ததற்குப் பாராட்டு! இலையை மடித்துவிட்டு எழுந்து கேட்டேன்: "நாலு மாசமா நின்னு நின்னு நடந்தாளே, ஒருத்தராச்சும் ஏன்னு கேட்டீங்களா?"

உன் வீட்டுக்காரர் தலை நிமிராமல் சொன்னார்: "நீயுந்தான மாப்ளே கூட நடந்தே?"

அதைக் கேட்க அவருக்கு என்ன யோக்கியதை? அவர் பட்டறையில் மோட்டாரைத் தூக்கிவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்த அன்று, டாக்சிக்கு ஃபோன் செய்ய எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடியவள் நீ. வழியில் இரண்டு முறை நின்றாயாம், பூத்துக்காரர் சொன்னார். ஆஸ்பத்திரியில் மச்சானுக்கு ஈ.சி.ஜி. எடுத்தார்கள். சதைப்பிடிப்பு. நீ அவருடைய செருப்பைக் காவல் காத்துக்கொண்டு பெஞ்சில் இருந்தாய். பத்தடியில் டாக்டர். வாயைத் திறந்தாயா?

காரியம் முடிந்ததும் அதே டாக்டரிடம் போய்க் கேட்டு எழுதிக்கொண்டேன். மச்சானின் வலி ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடியது; அமுக்கினால் கூடும், மூச்சிழுத்தால் குத்தும். பெரும்பாலும் அது இதய வலி அல்ல. உன்னுடையது நடந்தால் வந்தது, நின்றால் போனது. நெஞ்சில் பாரம், தாடையில் இழுப்பு, முதுகில் கடுப்பு என்று கடைசி நாளில்தான் சொன்னாயாம். இதயத்துக்கு ரத்தம் போதவில்லை என்று அர்த்தம்.

"பொம்பளைங்களுக்கு நெஞ்சே வலிக்காம, தாடையிலயும் முதுகுலயும் மட்டும் வர்றதும் உண்டுங்க. சும்மா இருக்கறப்பவே வந்துட்டா ஒரு நிமிசங்கூட வீட்ல வெச்சிருக்கக் கூடாதுங்க" என்றார் டாக்டர்.

உனக்கு அன்று சும்மா உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோதே வந்தது. வியர்த்துக் கொட்டியது. வாயு என்று சொல்லிச் சுக்குத் தண்ணி கொடுத்துப் படுக்க வைத்தார்கள். நீ எழுந்திருக்கவே இல்லை. அவருக்கு டாக்சி, உனக்குச் சுக்கு!

ஆனாலும் மச்சான் கேட்டது என்னை விடவில்லை. போத்தனூர் ஸ்டேஷன் மேம்பாலத்தில் பாதிப் படியில் நின்று, ரயில் பார்ப்பதாகச் சொல்வாய். தண்டவாளம் காலியாக இருக்கும். "ஏனுங்க அம்மணி, ரயிலு வரோணும்னு வேண்டுதலுங்களா?" என்று கேலி செய்தேன். "நீ போ கண்ணு, வாரேன்" என்று தாடையைத் தேய்த்தாய். நான் போய்விட்டேன். ஊர் விஷயத்தையெல்லாம் விசாரித்துப் பத்திரிகையில் எழுதுகிறவன், அதை விசாரிக்கவில்லை.

அதைவிடக் கேவலம், உன் மறைவுச் செய்தியை எழுதிக் கொடுத்தவன் நான். 'திடீரென்று மாரடைப்பால் காலமானார்.' பொய். நான்கு மாதம் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறாய். இது அதற்கான திருத்தம்.

இன்று காலை என் வீட்டுக்காரி சாந்தி, துவைத்த துணி வாளியோடு மாடிப்படியில் நின்றுவிட்டாள். "ஒண்ணுமில்லீங்க, தோள்பட்டை புடிச்சிருக்குது" என்றாள். டாக்சிக்குச் சொல்லிவிட்டேன், அது வரும்வரை இதை எழுதுகிறேன். "அடுப்புல பால் இருக்குதுங்க" என்கிறாள். பொங்கி வழியட்டும். படியில் நின்றவளை விட்டுவிட்டு இனி ஒருநாளும் முன்னால் போகமாட்டேன், அக்கா.

மேம்பாலத்தில் உன்னை விட்டு முன்னால் போன
உன் தம்பி