அடுத்த முறைக்கு நிற்பவள்

செங்கலடி
12.02.2024

அன்பின் இர்ஷானா,

பதினெட்டு வருடம் கழித்து எழுதுகிறேன். உன் தொலைபேசி இலக்கம் கிடைத்தும் அழைக்கத் துணிவு வரவில்லை. ஓட்டமாவடியில் நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும்.

நாம் பழகிய அதே வாவியோர மண்டபத்தில் இப்போது நான்தான் ஜிம்னாஸ்டிக் பயிற்றுவிக்கிறேன். சஹ்லா என்றொரு பிள்ளை, வயது பதின்மூன்று, மேசைப் பாய்ச்சலில் கெட்டிக்காரி. ஏப்ரலில் தேசிய அணித் தெரிவு. நேரே ஓடிவந்து கைகளை ஊன்றித் தாண்டப் பழக்குவதா, துள்ளுபலகைக்கு முன்னாலேயே சுழன்று திரும்பி முதுகுப் பக்கமாக மேசையில் ஏறப் பழக்குவதா? இரண்டாவதற்குத்தான் புள்ளி அதிகம். அவளுடைய உம்மாவும் அதையே கேட்கிறார். நம்மில் அதை ஒழுங்காகச் செய்தவள் நீ ஒருத்திதான். யோசித்து எழுது.

உன் கம்சாயினி


ஓட்டமாவடி
19.02.2024

அன்புள்ள கம்சா,

உன் கையெழுத்தைக் கண்டதும் பாதிக் கோபம் போய்விட்டது. மீதி ஏன் போகவில்லை என்று சொல்கிறேன்.

அந்தப் பின்பாய்ச்சலைப் பழக்காதே. பலகையில் கால் படும்போது முகம் ஓடிவந்த பக்கம் திரும்பியிருக்குமல்லவா? அந்த நாட்களில் ஒருமுறை நான் அப்படித் திரும்பியபோது, நான் புறப்பட்ட கோட்டில் ஒருத்தி நின்றாள். தலைமுடி நனைந்திருந்தது. அடுத்த முறைக்குக் காத்திருப்பவள்போல நின்றாள். மண்டபத்தில் நம் இருவரையும் தவிர எவரும் இல்லை. நீ மேசையடியில் மெத்தை இழுத்துக்கொண்டிருந்தாய். மறுநாள் அவள் கையை உயர்த்தினாள். அதற்கு மறுநாள் என் பின்னால் ஓடிவந்தாள்.

உன்னிடம் மட்டும்தான் சொன்னேன். நீ சிரித்தாய். மற்ற எல்லோரிடமும் முழங்கால் நோவென்று சொல்லிவிட்டுப் பயிற்சியை விட்டு நின்றுவிட்டேன்.

பிள்ளையிடம் இதைச் சொல்லாதே. திரும்பும்போது என்ன தெரிகிறது என்று மட்டும் கேள்.

இர்ஷானா


செங்கலடி
03.03.2024

அன்பின் இர்ஷானா,

உன் கடிதம் வருமுன்பே பின்பாய்ச்சலைத் தொடங்கிவிட்டேன். நீ சொன்னபடி சஹ்லாவிடம் கேட்டேன். வழுக்காமலிருக்க வெள்ளை மாவு பூசிய உள்ளங்கைகளைப் பார்த்தபடி, "பின்னால ஓடி வாற அக்கா ஆர், டீச்சர்? நேத்து பாதி வழி வந்துட்டா" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இதோடு விடுவோம் என்றேன். ஒருதரமாவது முழுதாகச் செய்யாவிட்டால் இந்தப் பயம் தன்னை விடாது என்று பிடிவாதமாக நின்றாள். எனவே அவள் ஓடியதும், அந்தக் கோட்டில் நான் போய் நின்றேன். சுழன்றாள், ஏறினாள், அசையாமல் இறங்கினாள். "இண்டைக்கு நீங்க மட்டும்தான் நிண்டீங்க" என்று சிரித்தாள்.

அவள் பலகையில் திரும்பிய அந்த நொடியில், ஈரமான ஒரு கை என் தோளைத் தொட்டு, வழிவிடச் சொல்வதுபோல மெல்லத் தள்ளியது. அதை அவளிடம் சொல்லவில்லை. நான் விலகவும் இல்லை.

இனி அவளுக்கு நேர்ப்பாய்ச்சல்தான். உம்மாவுக்குக் கோபம். அணியில் இடம் கிடைக்காமலும் போகலாம். போகட்டும்.

இர்ஷானா, அன்று நீ சொன்னபோதும் நான் போய் உன் பின்னால் நின்றிருக்கலாம்.

கம்சா