எட்டு டிகிரி

அண்ணி,

இன்று காலை மரவள்ளிக்கிழங்கு அவிக்க வைத்த தண்ணீரில் என் மகள் ஒரு பிடி உப்பைப் போட்டாள். தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது சட்டென்று அடங்கியது.

உப்புக்காக நாம் போட்ட சண்டை கொஞ்சமா? கண்டியில் அண்ணனின் கடைக்கு மேல்மாடியில், ஒரே அடுப்பில் அண்ணியும் நாத்தனாருமாக முட்டிக்கொண்டோம். நீங்கள் பள்ளியில் ஏ.எல். பரீட்சை வரை விஞ்ஞானம் படித்தவர்கள். "உப்புத் தண்ணி கொதிக்கிறதுக்குச் சூடு கூட வேணும் புள்ள" என்பீர்கள். "அப்ப ஒரு பிடி உப்புல கிழங்கு பறந்துகிட்டு வெந்துருமோ?" என்று சீண்டுவேன். "ஒரு பிடிக்கு ஒண்ணும் ஆகாது. இனிமே கரையாதுங்கிற மட்டும் கொட்டினா எட்டு டிகிரி கூடும்." பெரிய இவங்க, என்று முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்தின்போது அண்ணன் சரக்கெடுக்க நாவலப்பிட்டிக்குப் போயிருந்தார். தமிழர் கடைகளாகப் பார்த்துத் தீ வைத்தார்கள்; பட்டப்பகலில் தெரு எரிந்தது. கீழே நம் கடைப் பலகைகளைப் பிளந்தார்கள். போத்தல்கள் நொறுங்கின. பிறகு படிக்கட்டில் காலடிகள். மூன்று வயது மகளை அலுமாரிக்குள் தள்ளிச் சாத்தினேன். அழக்கூட வராமல் விறைத்துப் போயிருந்தாள்.

அடுப்பில் அண்டாத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. நீங்கள் மூலையிலிருந்த உப்புச் சாக்கைத் தூக்கி அப்படியே கவிழ்த்தீர்கள். கொதி செத்தது.

"அடப்பாவி, கெடுத்துட்டீங்களே!" என்று அலறினேன். கதவில் கோடாலி விழுந்தது. அண்டாவைத் தூக்கப் போன என்னை ஓங்கி அறைந்தீர்கள்.

"ஒரு தடவதான் ஊத்தலாம். கொதிக்கட்டும்!"

விறகைக் காலால் உள்ளே தள்ளினீர்கள். கதவு பிளந்து, கத்தி பிடித்த கை நுழைந்தது. அப்போதுதான் முதல் குமிழி வந்தது. கொதி ஏறியதும் இருவருமாகத் தூக்கி, பிளந்த கதவு வழியாக ஊற்றினோம். முன்னால் நின்றவன் நம் தெருக்காரன், தினமும் வெற்றிலை வாங்க வருகிறவன். முகத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் சாய்ந்தான். படிக்கட்டு முழுவதும் ஒருவர்மேல் ஒருவராக உருண்டார்கள். அவன் கையோடு தோல் வந்ததைப் பார்த்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இன்றைக்கும் அதை மறைக்க மாட்டேன்.

மகளைத் தூக்கிக்கொண்டு பின்கூரை வழியாக இறங்கி ஓடினோம். ஒதுங்கிய இடத்தில் நீங்கள் குடல் வெளியே வருமளவுக்கு வாந்தி எடுத்தீர்கள். அதன்பின் உப்பைப் பற்றி என்னோடு சண்டை போடவே இல்லை. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை, அண்ணி.

போன மாதம், கடைசியாகப் படுக்கையில் கிடந்தபோது கேட்டீர்கள். "சும்மா தண்ணியே போதுமா இருந்திருக்கும் புள்ள. எட்டு டிகிரியில என்னா வந்துறப் போகுது? உப்பு அவன் கண்ணுக்குள்ள போயிருக்குமே."

"வாய மூடுங்க. அவனுக்கு நல்லாக் கண்ணு தெரியுதாம்" என்றேன். எனக்கு எப்படித் தெரியும்? நீங்கள் நம்பினீர்களா என்பதும் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டீர்கள்.

என் முழங்கையில் அன்று கொதிநீர் தெறித்த தழும்பு வெளுத்துக் கிடக்கிறது. இன்று காலை அடங்கிய பானையின் முன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அலுமாரிக்குள் விறைத்துக் கிடந்தவள், தலை நரைக்கத் தொடங்கிய பெண்ணாக, அகப்பையோடு பக்கத்தில் நின்று கேட்டாள்.

"ஏம்மா இப்படி நிக்கிறீங்க?"

"கொதிக்கட்டும்" என்றேன்.