மீட்டரும் கறிவேப்பிலைச் செடியும்

வேலைக்கு ஏற்றிப்போகும் மில் வேன் வரப் பத்து நிமிடம்தான் இருந்தது. கவுசல்யா தண்ணீர் பில்லின் பின்பக்கத்திலேயே கணவனுக்கு எழுதத் தொடங்கினாள். லாரி ஓட்டும் தனபால் லோடு இறக்கிவிட்டுப் பத்து மணிக்கு வருவான். மூன்று நாளாக இருவருக்கும் பேச்சு இல்லை. வாடகை வீட்டில் லாரியைக் கழுவிக் கழுவித்தான் பில் இப்படி ஏறுகிறது என்று அவள் கத்தியதிலிருந்து, அவன் குளிப்பதுகூட லாரிப் பட்டறையில்தான்.

"ஏனுங்க, சோறும் தட்டப்பயிறுக் குழம்பும் மூடி வெச்சிருக்கறன். சாவி பக்கத்து ஊட்டு அக்காகிட்ட இருக்குதுங்க. பதினோரு மணிக்கு பிளம்பர் வருவாரு. காலைல எல்லாக் குழாயையும் மூடிட்டுப் பாத்தேன். மீட்டரு அப்பவும் சுத்துதுங்க."

அடுத்த வரிக்குக் கை ஓடவில்லை. தண்ணீரே ஊற்றாமல் தளதளவென்று வளர்ந்த கறிவேப்பிலைச் செடியைக் காட்டி, எல்லாம் தன் கைராசி என்று தெருவெல்லாம் பெருமை பேசியவள் அவள்.

"செடிக்கு அடியில மண்ணு சொதசொதன்னு கெடக்குது. பைப்பு அங்கதான் ஒடஞ்சிருக்கோணும். நான் வாரதுக்குள்ள செடியைப் புடுங்கிருங்க, என்னால பாக்க முடியாது. பைப்பு ரிப்பேரு செலவு அவருதுன்னு ஊட்டு ஓனருகிட்ட நீங்களே சொல்லீருங்க."

கீழே இடம் தீர்ந்துவிட்டது. சீட்டைத் திருப்பி ஓரத்தில் நுணுக்கி எழுதினாள்.

"லாரி மேல தப்பில்லீங்க. மெயின் வால்வை மூடிட்டேன். குளிக்கறதுக்கு அண்டா நெறையப் புடிச்சு வெச்சிருக்கறன். மிச்சம் வெக்காம ஊத்திக்கோங்க."