ரோசம்மா மீனும் எங்கள் தெரு குரூப்பும்

ஆவணி 9, சனி

கச்சான் காற்று. வாசலெல்லாம் மணல். பிரஷர் மாத்திரை வாங்க வேண்டும்.

"தங்கச்சிமடம் மீனில் பிணத்துக்குப் போடும் மருந்து." ஒரு மாதமாகத் தெரு வாட்ஸ்அப்பில் இதே செய்தி. கவனித்தவை:

1. முதல் முறை எல்லோரும் சிரித்தார்கள்.
2. நான்காம் முறை யாரும் சிரிக்கவில்லை.
3. அனுப்புகிற ஆள் மாறினால் புதுச் சாட்சி போல ஆகிவிடுகிறது. செய்தி அதேதான்.
4. முப்பது வருடம் வேதியியல் நடத்தியவனிடம் பலிக்காது.

(நான்காவது கர்வமோ? இருக்கட்டும்.)

ஞாயிறு

பதினைந்து வருடமாகத் தங்கச்சிமடத்திலிருந்து வாசலுக்கு மீன் கொண்டுவருகிறவர் ரோசம்மா. ஞாயிற்றுக்கிழமையிலும் கூடை முக்கால்வாசி அப்படியே. உள்ளிருந்து மனைவி: "வேணாம்னு சொல்லிருங்க. பேரப்பிள்ளைக வருதுக."

சொல்லவில்லை. வாங்கவும் இல்லை. கோழை.

ரோ.: "இந்த வாரம் பாப்பேன் சார். இங்கன ஓடலைன்னா இந்தத் தெருவையே விட்டுருவேன்."

திங்கள்

அதே செய்தி, இப்போது படத்துடன். படத்தில் இருப்பது நம் கடல் மீனே இல்லை. மூன்று முறை எழுதி அழித்து, கடைசியில் அனுப்பினேன்: "ஆதாரம் எங்கே? புதன்கிழமை எல்லோர் முன்னாலும் ரோசம்மாவிடம் மீன் வாங்குவேன்."

டீக்கடை முனியசாமி, குரல் பதிவில்: "நல்லாத் தின்னுங்க சார். செத்த பொறகு ஐஸ் பெட்டியே வேணாம்!"

வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள்.

செவ்வாய்

மீன் இல்லாத நாள். மாத்திரை வாங்கினேன். தூக்கம் சரியில்லை.

புதன்

சலவைச் சட்டை. தெருவில் ஏழெட்டுப் பேர் வேடிக்கை. "சங்கரா ஒரு கிலோ" என்றேன், உரக்க.

வாடிக்கையாக வருகிறவரிடம் செவுளைத் தூக்கிப் பார்க்கிற வழக்கம் இங்கே இல்லை. பார்த்தால் திருடி என்று சொன்ன மாதிரி. என் விரல் தானாகப் போய்த் தூக்கியது. ரத்தச் சிவப்பு. புது மீன்.

ரோ. என் விரலையே பார்த்தார். "பதினஞ்சு வருசத்துல இன்னைக்குத்தான் சார் தூக்குறீக."

முனியசாமி: "ஏலே, சாரே செவுளத் தூக்குறாருடா!"

மனைவி மீனைத் தொடவில்லை. நானே ஆய்ந்து குழம்பு வைத்தேன். உப்பு அதிகம். முழுதும் தின்றேன்.

குரூப்பில் எழுதினேன்: "மீன் நன்றாக இருந்தது. கெட்டுப்போனது என் விரல். நீங்கள் அனுப்பியதைத் தினமும் படித்ததால். சிரிப்பவர்கள் சிரிக்கலாம். இனியும் வாங்குவேன், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு."

வியாழன்

மணி ஒன்பது. ரோ. வரவில்லை. பையோடு தங்கச்சிமடம் பஸ்ஸுக்குக் கிளம்புகிறேன். மன்னிப்பை அவர் வீட்டு வாசலில் கேட்பதுதான் முறை.

சனிக்கிழமை எழுதியதில் 4 தவறு.