ஏழில் ஒன்று

நவம்பர் 4

கணக்கு முடிந்தது. தெற்கே ஆழ்கடலுக்கு அடியில் உள்ள வண்டல் படுகையில் எவ்வளவு எண்ணெய் இருக்கலாம் என்பதுதான் அறிவியல் கண்காட்சிக்கு என் தலைப்பு. நான் எடுத்துக்கொண்ட இடத்தில் யாரும் துளை போட்டதில்லை. கப்பலிலிருந்து ஒலி அனுப்பி, எதிரொலியை வைத்துப் படம் வரைகிறார்கள், அவ்வளவுதான். அதனால் பாறையின் பரப்பு, தடிமன், அதிலுள்ள நுண்துளைகள், அவற்றில் எண்ணெயின் பங்கு — ஒவ்வொன்றுக்கும் குறைந்தது, நடுத்தரம், கூடியது என்று மும்மூன்று எண்கள். விடையும் ஒற்றை எண் இல்லை. எண்ணெய் இருப்பதற்கான வாய்ப்பே ஏழில் ஒன்று.

மாதிரிப் படுகைக்கு மரத்தூள் ஒட்டிக்கொண்டிருந்த என் வகுப்புத் தோழி முனீஸ்வரி நிமிர்ந்தாள். "அப்பம் ஏழுல ஆறு தடவ ஒண்ணுமே இருக்காதா? இதுக்கா ஏட்டி என் கையெல்லாம் கோந்து?"

அப்பா சொல்லிவிட்டார்: "ஜில்லாவுல ஜெயிச்சுட்டு வா. நிலவியல் படிக்கப் போறதப் பத்திப் பொறவு பேசுவோம். இல்லாட்டி இங்கனயே பி.காம்."

நவம்பர் 6

கனகலட்சுமி டீச்சர் அட்டையைப் பார்த்து முகம் சுளித்தார். "இருந்தாலும் இருக்கும், இல்லாட்டாலும் இல்லன்னு எழுதுனா எவன் பரிசு குடுப்பான்?"

கூடிய எண்களை மட்டும் எடுத்து அவரே பெருக்கினார். நூற்றெண்பது கோடி பீப்பாய். 'ஏழில் ஒன்று' மேல் வெள்ளைத்தாள் ஒட்டினார். நான் வாயே திறக்கவில்லை. ஏன்?

ஒரு பாடத்தில் நூறு வாங்கலாம். ஆறிலும் நூறு வாங்குவேன் என்று இப்போதே போஸ்டர் அடிக்கலாமா?

நவம்பர் 9

பள்ளியில் அடித்தே விட்டார்கள். முடங்கியார் ரோட்டு முக்கில் பிளக்ஸ். '180 கோடி பீப்பாய் எண்ணெயைக் கண்டறிந்த எங்கள் மாணவி இந்து'. என் முகம் லாரி டயர் அளவுக்கு.

ஆட்டோ ஸ்டாண்டில் ஓர் அண்ணாச்சி, "பாப்பா, பெட்ரோலு எப்பம்மா வெல கொறையும்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நவம்பர் 10

அப்பா மில்லில் எல்லோருக்கும் பால்கோவா கொடுத்திருக்கிறார்.

நவம்பர் 13

சொன்னா டீச்சருக்கு அவமானம். அப்பா மூஞ்சில எப்படி முழிக்க? சொல்லாட்டி ஜெயிச்சிருவேன்னும் தோணுது — அதான் ரொம்பப் பயமா இருக்கு. எந்தப் பக்கம் திரும்பினாலும் செவுரு.

நவம்பர் 18

ஸ்ரீவில்லிபுத்தூரில் மாவட்டக் கண்காட்சி. காலையில் வந்தவர்களிடமெல்லாம் நூற்றெண்பது கோடி என்றேன். போகப் போக நாக்கு தானாகவே சொன்னது.

நடுவர் ஜெபக்குமார் சார், கல்லூரி ஆசிரியராம், அட்டையருகே குனிந்தார். "எம்மாடி, அம்புட்டா! தொள போட்டுப் பாத்தாச்சா?"

"இல்லை சார்."

"பொறவு?"

எனக்குப் பின்னால் டீச்சரின் வளையல் சத்தம் நின்றது. ஒட்டியிருந்த தாளைக் கிழித்தேன். பாதிதான் வந்தது. மீதியை நகத்தால் சுரண்டிக்கொண்டே சொன்னேன்: "எல்லாமே கூடிவந்தாத்தான் சார் இது. நடுத்தரமாப் பாத்தா முப்பது கோடி. அதுவும் எண்ணெய் இருந்தா. ஒண்ணுமே இல்லாமப் போகத்தான் வாய்ப்பு அதிகம்."

"தெரிஞ்சுமா மறைச்ச?"

டீச்சரை நான் காட்டிக்கொடுக்கவில்லை. டீச்சர் அடுத்த மேசைப் பக்கம் நகர்ந்துவிட்டார்.

பரிசு இல்லை. திரும்பும்போது பஸ்ஸில் டீச்சர் வேறு சீட்டில் உட்கார்ந்தார்.

நவம்பர் 19

அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மே 11

பிளஸ் டூ மார்க் நன்றாக வந்திருக்கிறது. பி.காமுக்குத்தான் விண்ணப்பம் போட்டாயிற்று. முனீஸ்வரிக்கு ஒரே சந்தோஷம், இருவரும் ஒரே வகுப்பு.

சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா திடீரென்று கேட்டார். "அந்த நிலவியல் படிப்புக்குப் போனா வேல கெடைக்க ஏழுல எத்தன?"

'ஏழும்' என்று சொல்ல எவ்வளவு ஆசை! "ரெண்டு இருக்கலாம்ப்பா. மூணாவும் இருக்கலாம். சரியாத் தெரியல."

"பி.காமுக்கு?"

"அதவிடக் கூடத்தான் இருக்கும்."

அப்பா கை கழுவிவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டார். கெடுத்துட்டேன். எனக்கு நானே கெடுத்துட்டேன்.

ஜூலை 3

எழுந்ததும் ஜன்னல் வழியே எங்கள் ஊர் மலையைத் தேடினேன். பக்கத்துக் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டிதான் தெரிந்தது. சென்னை முழுக்க இப்படித்தானோ? நிலவியல் முதல் வகுப்பு ஒன்பது மணிக்கு.

நேற்று என்னை விட்டுவிட்டு ஊருக்குக் கிளம்பும்போது அப்பா என் பெட்டியைக் கட்டிலடியில் தள்ளினார். விடுதி வார்டனிடம் போய், "மேடம், இதுகிட்ட எதக் கேட்டாலும் உள்ளதத்தான் சொல்லும். செத்த பொறுமையாக் கேட்டுக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.