ஓரடி கழித்து

மார்ச் 4
பதினெட்டு அடி மூன்று அங்குலம்! நீளம் தாண்டுதல் பழகத் தொடங்கிய இத்தனை மாதத்தில் இதுதான் அதிகம்; எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் மணலைத் தட்டிக்கொண்டு எழுவதற்குள் அண்ணன் டேப்பை இழுத்துப் படித்துவிட்டான். கட்டட மேஸ்திரி, அளவில் தப்பமாட்டான். அணித் தேர்வுக்கு ஐந்து மீட்டர் நாற்பது தாண்டினால் போதும். அது பதினேழே முக்கால் அடிகூட இல்லை.

மார்ச் 6
துணிக்கடை வேலையை விட்டுவிட்டேன். "பதினெட்டு தாண்டுறவளுக்கு எதுக்குடி பில் போடுற வேலை" என்றான் அண்ணன்.

மார்ச் 19
தேர்வு. நான் தாண்டியதிலேயே நல்லது ஐந்து இருபத்தைந்து. பதற்றம்தான் என்று அண்ணன் சமாதானம் சொன்னான்.

மார்ச் 20
போனில் மாற்றிப் பார்த்தேன். ஐந்து இருபத்தைந்து என்றால் பதினேழு அடி மூன்று அங்குலம். சரியாக ஓரடி குறைகிறது. பதற்றம் இப்படி அளவெடுத்தா குறைக்கும்?

மார்ச் 23
அண்ணி சமையலறையில் அலமாரி கேட்டாள். அண்ணன் டேப்பின் முனையை என்னைப் பிடிக்கச் சொன்னான். முதல் அடி கிழிந்து போயிருக்கிறது, ஒன்றிலிருந்துதான் தொடங்குகிறது. "ஏழு... ஒண்ணு கழிச்சா ஆறு" என்றான், பழக்கதோஷத்தில். பிறகு என்னைப் பார்த்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"எனக்கு மட்டும் ஏண்ணா கழிக்கல?"

"முதல் தடவ மறந்துட்டேன். நீ சிரிச்ச. அப்புறம் கழிக்க மனசு வரல."

மனசு வரலையாம். நான் வேலையை விட்டப்பவும் வரலையா? எத்தனை மாசமா காதுல பூ சுத்தியிருக்கான்! அலமாரி மட்டும் சரியா உக்காரணும், தங்கச்சி எங்க போய் விழுந்தா என்ன— அண்ணிக்கும் தெரிந்திருக்கிறது. குழாயைத் திறந்துவிட்டுக் கழுவின பாத்திரத்தையே கழுவினாள்.

மார்ச் 24
அண்ணன் வருவதற்குள் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டேன்.

ஏப்ரல் 2
துணிக்கடையில் வேறு ஆள் எடுத்தாயிற்று. செருப்புக்கடையில் சேர்ந்திருக்கிறேன். பழைய அளவில் ஆறு என்பதைப் புதுப் பெட்டிகளில் முப்பத்தொன்பது என்று போட்டிருக்கிறார்கள். எதைப் போட்டால் என்ன, காலில் மாட்டிப் பார்த்தால் தெரிந்துவிடுகிறது.

ஜூன் 15
விடிந்ததும் தனியாக மைதானத்துக்குப் போனேன். நடக்க வந்த ஓர் அம்மா நான் வாங்கிய மீட்டர் டேப்பைப் பிடித்தார். இரண்டு முறை படிக்கச் சொன்னேன். ஐந்து நாற்பத்தொன்று.

வீட்டு வாசலில் அண்ணன் சிமெண்டுச் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். நிமிராமலே கேட்டான், "இன்னிக்கு எவ்ளோ போச்சு?"

"அளக்கல" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன்.