காப்பு கட்டிய பன்னிரண்டு நாள்

19 ஜூலை, ஞாயிறு

காலையிலிருந்தே காட்டுத் தீப் புகைமூட்டம். சுங்கை பெசாரில் ஆட்டம். 0–4. நாலாவது கோல் விழுந்தது கண்ணுக்கே தெரியவில்லை, கத்தலை வைத்துத்தான் தெரிந்தது. வேனில் திரும்பினோம். இரண்டு பக்கமும் வயல், அதன்மேல் வெள்ளையாக ஏதோ மிதந்துகொண்டே வந்தது. மணியண்ணன் முன் சீட்டில், ஜன்னலில் தலையைச் சாய்த்தபடி. பதினான்கு வருடமாக எங்கள் செம்பனைத் தோட்டத்துக் கால்பந்து டீமுக்குக் கோச். எட்டு வருடமாக நான் அவருக்குத் துணைக் கோச்.

மீதி ஐந்து ஆட்டம். கடைசி இடம் என்றால் லீக்கை விட்டே வெளியே.

வாங்க வேண்டியது: தைலம், ஐஸ் பை, செல்விக்குக் கருவாடு (பாசிர் பெனம்பாங் போனால்).

21 ஜூலை, செவ்வாய்

கமிட்டிக் கூட்டம், தோட்டத்து மண்டபம். மணியண்ணனைக் கூப்பிடவில்லை. செயலாளர் யோகநாதன் சார் நேரே விஷயத்துக்கு வந்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பம், டவுனில் வக்கீல், குரலை உயர்த்தியே பார்த்ததில்லை. "மாத்திறதெண்டா இப்ப மாத்த வேணும். இன்னும் ரெண்டு ஆட்டம் போனாப் பிறகு மாத்தி என்ன பிரயோசனம்?"

தலைவர்: "நடுவுல மாத்துனா பசங்க கொழம்பிடுவானுங்க லா."

ஒரு மணி நேரம் இதே பாட்டு. கடைசியில் எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். புதுக் கோச் நான்.

வேண்டாம் என்று சொல்லவில்லை. உள்ளே இனித்தது. இங்கே எழுதினால் யார் படிக்கப் போகிறார்கள், எழுதிவிடுகிறேன், நன்றாகவே இனித்தது. அண்ணனை விலக்கும் கடிதத்தை அங்கேயே டைப் செய்து கையெழுத்தும் போட்டுவிட்டார்கள். "நானே மொதல்ல அண்ணன்கிட்ட வாயால சொல்லிடுறேன் சார், அப்பறம் கடிதம் குடுங்க" என்றேன். பெரிய மனுஷன் பாருங்கள்.

22 ஜூலை, புதன்

ஆலையில் வேலை முடிந்து நேராக மணியண்ணன் வீடு. வழியெல்லாம் ஒத்திகை. "அண்ணே, தப்பா நெனைக்காதீங்க." "அண்ணே, கமிட்டியில ஒரு பேச்சு." அதற்கு மேல் வரவில்லை.

அண்ணி தோசை சுட்டுக்கொண்டிருந்தார். அண்ணனின் இடது கால் பெருவிரலில் கட்டு. சர்க்கரைப் புண், இரண்டு மாதமாக ஆறாதது. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் திறந்துவிட்டார்.

"வெள்ளிக்கிழம காப்பு கட்டுறேன்டா ரவி. இந்த வருஷம் பூ மிதிக்கிறேன். டீமு கீழ போகக்கூடாதுன்னு ஆத்தாகிட்ட வேண்டிட்டேன்."

"இந்தக் கால வெச்சுக்கிட்டு நெருப்புல எறங்குறாராம். நீயாச்சும் கேளு தம்பி." இது அண்ணி.

"சும்மா இரு. காப்பு கட்டிட்டா அவ பாத்துக்குவா."

நாலு தோசை சாப்பிட்டேன். சட்னி நல்லாயிருக்கு அண்ணி என்றேன். கையைக் கழுவிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

24 ஜூலை, வெள்ளி

கட்டியாகிவிட்டது. மஞ்சள் வேட்டி, மணிக்கட்டில் மஞ்சள் கோத்த கயிறு. பூ மிதித்து, காப்பை அவிழ்க்கிறவரை கோயிலில்தான் படுக்கை, தோட்டத்து எல்லையைத் தாண்டக்கூடாது. காப்பு கட்டியவர்களிடம் யாரும் மனம் நோகப் பேசவும் கூடாது.

யோகநாதன் சார் போன்.

"சொன்னீரோ?"

"இல்ல சார்."

"காப்புக் கட்டின ஆளிட்ட இனி என்னெண்டு கடிதம் குடுக்கிறது? அவிழட்டும். அதுவரைக்கும் நீர் பாரும்."

கோர்ட்டில் யாருக்கும் பயப்படாத மனுஷன்.

26 ஜூலை, ஞாயிறு

சபாக்கில் ஆட்டம். அண்ணன் எல்லை தாண்ட முடியாது, அதனால் நான்தான். ஹரியை ஓரத்திலிருந்து நடுவுக்குக் கொண்டுவந்தேன். ஒரு வருடமாக மனதுக்குள்ளேயே வைத்திருந்த யோசனை. 2–1!! கடைசிப் பத்து நிமிடம் காலுக்குக் கீழே தரையே இல்லை எனக்கு. பசங்கள் தூக்கிப் போட்டுப் பிடித்தார்கள்.

வந்ததும் கோயிலுக்குப் போனேன். அண்ணன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண்ணெல்லாம் தண்ணீர். "பாத்தியா! காப்பு கட்டுன மொத ஆட்டம்டா!"

"ஆமாண்ணே" என்றேன்.

28 ஜூலை, செவ்வாய்

மத்தியானம். ஆலை எடைமேடையில் ஒரு லோரி ஏறுகிறது, ஒரு லோரி இறங்குகிறது. எடை டிக்கெட்டுக்குப் பின்னால் 4-4-2 வரைந்துகொண்டிருந்தேன். கண் சொருகிவிட்டது. செம்பனை வரிசையில் மரத்துக்கு மரம் ஓர் ஆள் நிற்கிறான், எல்லாம் நம் பசங்கள். பந்து சத்தமே இல்லாமல் ஒவ்வொருவனிடமாகப் போகிறது, வரிசை முடியவே இல்லை. புகை பொன் நிறமாக இருக்கிறது. இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை.

ஹாரன். "என்னா பாஸ், கனவா?" என்றார் லோரிக்காரர்.

அந்தக் கனவில் மணியண்ணன் எங்கேயும் இல்லை. சாயங்காலம்வரை அது உறுத்திக்கொண்டே இருந்தது.

மின்சார பில் இன்னும் கட்டவில்லை.

30 ஜூலை, வியாழன்

செல்வியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"சாமிக்குப் பயமா, மணியண்ணனுக்குப் பயமா, இல்ல கோச் வேல கை நழுவிப் போயிடும்னு பயமா?"

மூன்றும் என்றேன்.

"அந்த மனுஷன் காலு போச்சுன்னா நீங்க போயி ஒட்ட வெப்பீங்களா? கெளம்புங்க."

போனேன். அண்ணன் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார், விரல் கட்டை அவிழ்த்துவிட்டு வேப்பிலை அரைத்துப் பூசியிருந்தார். விரதத்தில் முகம் ஒட்டிப்போய், சின்னப் பையன் மாதிரி ஒரு சிரிப்பு.

"அண்ணே, டீம பத்தி ஒண்ணு பேசணும்."

"காப்பு அவிழட்டும்டா. மனசு ஒரே எடத்துல நிக்குது, கலைச்சு விட்றாத."

அப்பாடா என்றிருந்தது. வெட்கங்கெட்ட அப்பாடா.

திரும்பி வந்து, அவர் பேச விடவில்லை என்று செல்வியிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை.

2 ஆகஸ்டு, ஞாயிறு

ஆட்டம் இல்லை. பூமிதி.

குழிப் புகையும் ஊர்ப் புகையும் ஒன்றாகி, எதிர்ப்பக்கம் நின்றவர்களுக்கு முகமே இல்லை. உடுக்கைச் சத்தம் மட்டும் வயிற்றுக்குள். கயிற்றோரம் நின்றேன். முன்னால் போனவர்கள் ஓடினார்கள். மணியண்ணன் நடந்தார். திடலில் கோடு போட்டுக்கொண்டு போகிற மாதிரி, அத்தனை நிதானம். கத்தலாமா என்று நினைத்தேன். "வேணாம்ணே, நீங்க கோச்சே இல்லண்ணே!" கத்தவில்லை.

நெருப்பின் முடிவில் இருந்த பால்குழியில் இறங்கி நின்று என்னைத் தேடிக் கூப்பிட்டார்.

"சுடவே இல்லடா ரவி! ஆத்தா மனசு வெச்சுட்டா!"

பக்கத்தில் அண்ணி. என் காதோடு சொன்னார்: "அந்தக் காலுல உணர்ச்சியே இல்ல தம்பி. டாக்டரு எப்பவோ சொல்லிட்டாரு."

4 ஆகஸ்டு, செவ்வாய்

அரை நாள் லீவு. புகை கொஞ்சம் விலகி வெயில்.

காலையில் காப்பு அவிழ்த்தார்கள். பத்து மணிக்கு நானும் யோகநாதன் சாரும் அண்ணன் வீட்டுக்கு. பாதம் முழுக்கக் கொப்புளம், தோட்டத்துக் கிளினிக்கில் கட்டிவிட்டிருக்கிறார்கள். பெருவிரலைப் பற்றி டாக்டர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லையாம். கட்டிலில் கால் நீட்டியபடி, "வாங்க சார், வாங்க! இன்னும் நாலு ஆட்டம், விட்றக்கூடாது" என்றார்.

சார் கடிதத்தை நீட்டினார். அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். ரொம்ப நேரம். பிறகு மறுபடியும் தேதி இருந்த மேல் வரிக்குப் போனார்.

"இருபத்தோராந்தேதின்னு போட்டிருக்கு. தப்பா அடிச்சிட்டீங்களா சார்?"

"இல்லை. அண்டைக்குத்தான் கமிட்டி கூடினது." சார் குரல் கேட்கவே இல்லை.

அண்ணன் விரல் விட்டு எண்ணினார். பிறகு என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"மறுநாளு நீ வந்தியேடா. அப்ப உனக்குத் தெரியுமா?"

"தெரியும்ணே."

"நான் அப்ப காப்பே கட்டலியே."

அடுப்படியிலிருந்து அண்ணி எழுந்து வந்தார்.

"அப்பறம் யாரு டீமுக்குடா நான் பூ மிதிச்சேன்?"

சார் தரையைப் பார்த்தார். அண்ணன் சுவரில் ஆணியில் தொங்கிய விசிலைக் கையால் காட்டினார். எடுத்துக்கொள் என்று.

எடுத்துக்கொண்டேன்.